ஜெபக்கனி டீச்சரின் அரை செகண்ட்

எங்கள் காலனியில் அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காதவள் நான் ஒருத்திதான். ஆனால் என் வீட்டு அடுப்படி சன்னல் இருப்பகத்தின் வாசலைப் பார்த்துத் திறக்கிறது. கட்டினவன் அப்படிக் கட்டிவிட்டான். நான் என்ன கண்ணை மூடிக்கொண்டா சமைக்க முடியும்?

இருப்பகம் என்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை அறைக் கட்டடம். உள்ளே இரும்பு பீரோ மாதிரி ஒரு மெஷின், சுவரில் ஒரு திரை, கேமரா, ஸ்பீக்கர், ஒரு பழைய டிவி, ஏழெட்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஏசி. உடம்பு போன பிறகும் போகாமல் இருப்பவர்கள் அந்த மெஷினுக்குள் இருந்தார்கள். பாளையங்கோட்டையில் அவர்களை 'இறந்தவங்க' என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். 'உள்ளவங்க' என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் காலனிக்கு ஐந்து உள்ளவங்க. நான்கு பேர் சாதுக்கள். பண்டிகைக்குப் பண்டிகை பேரப்பிள்ளைகளை விசாரித்துவிட்டு அமைதியாக இருப்பார்கள். ஐந்தாவது ஆள் ஜெபக்கனி டீச்சர்.

டீச்சர் இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பி.டி. மிஸ்ஸாக இருந்தவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் புற்றுநோய் உடம்பைக் கொண்டு போய்விட்டது. வாயைக் கொண்டு போக அதனால் முடியவில்லை. மகள் பெனிட்டாவை நானூறு மீட்டர் ஓட வைத்துக்கொண்டிருந்தவர், மெஷினுக்குள் போன பிறகும் அந்தப் பிள்ளையை விடவில்லை. தினமும் காலையில் மைதானத்து ஓரத்தில் அவள் அப்பா இன்பராஜ் அண்ணாச்சி ஒரு கையில் தண்ணீர் பாட்டிலும் இன்னொரு கையில் தூக்கிப் பிடித்த போனுமாக நிற்பார். போனுக்குள்ளிருந்து டீச்சர் கத்துவார்.

"முதல் இருநூறை அடக்கி ஓடுளா! இப்பமே எல்லாத்தையும் செலவழிச்சா கடைசி நூறுல கால் செத்துரும்!"

பிள்ளை கோட்டைத் தாண்டிப் போய்க் குப்புற விழும். டீச்சர் தனக்குள் வைத்திருக்கும் ஸ்டாப்வாட்சைப் பார்த்துவிட்டுச் சொல்வது எப்போதும் ஒன்றுதான்.

"இன்னும் அரை செகண்ட் குறையணும்."

அறுபத்திரண்டு வினாடியில் ஓடினபோதும் அதே பேச்சு. ஐம்பத்தேழில் ஓடினபோதும் அதே. ஐம்பத்து நான்கரையில் ஓடி மாநில மெடல் வாங்கி வந்து கேமராவுக்கு முன்னால் காட்டினபோது, "மெடல் நல்லாருக்கு. அரை செகண்ட் குறையணும்" என்றார். "எப்பத்தாம்மா அந்த அரை செகண்ட் தீரும்?" என்று பிள்ளை அழுததை என் காதால் கேட்டேன். அந்தப் பக்கம் காற்று வாங்கப் போயிருந்தேன்.

இப்படி இருக்கையில் எங்கள் மெஷினுக்கு வயசாகிவிட்டது, உதிரி பாகம் கிடைக்காது, உள்ளவங்க எல்லோரையும் மதுரையில் இருக்கும் பெரிய இருப்பகத்துக்கு மாற்ற வேண்டும் என்று கடிதாசி வந்தது. மாற்றிக் கொடுக்க மேலப்பாளையத்திலிருந்து ரஹ்மத்நிஷா என்ற இஞ்சினியர் பெண் வந்தாள். முப்பது வயசிருக்கும். ஸ்கூட்டியில் வருவாள், மதியச் சாப்பாடு கொண்டு வருவாள், நாம் கொடுக்கும் காப்பியைக் குடிக்க மாட்டாள். கொஞ்சம் கர்வம்தான். ஆனால் வேலை தெரிந்தவள். சாதுக்கள் நான்கு பேரையும் செவ்வாய், புதன் இரண்டே நாளில் மதுரைக்கு அனுப்பிவிட்டாள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. உள்ளவங்களை நிறுத்தி வைத்து எடுத்துப் போகக் கூடாது. சட்டம் அப்படி. நிறுத்தினால் அதோடு அந்த ஆள் முடிந்தார். மறுபடி ஓட வைத்தாலும் அது வேறு ஆள்தான். அதனால் ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஓடுகிற பஸ்ஸுக்கு ஆளை மாற்றுகிற மாதிரி, யோசித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கும்போதே இங்கிருந்து அங்கே மாற்ற வேண்டும். கடைசியில் கண் சிமிட்டுகிற நேரம் மட்டும் இடைவெளி விடலாம்.

வியாழக்கிழமை காலையில் டீச்சரை மாற்றும் வேலை தொடங்கியது. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து இருபதுக்குப் புவனேஸ்வரில் பெனிட்டாவுக்கு தேசிய இளையோர் போட்டி. நானூறு மீட்டர் ஃபைனல். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் மாற்றல் முடிந்துவிடும், டீச்சர் மதுரையில் இருந்தபடியே நிம்மதியாகப் பார்க்கலாம் என்று நிஷா சொல்லியிருந்தாள். கதவில் ஒரு தாளும் ஒட்டிவிட்டுப் போனாள். 'வேலை நடக்கிறது. முடியும்வரை யாரும் உள்ளே வந்து பேச வேண்டாம்.'

நாங்கள் எல்லோரும் அதைப் படித்தோம். படிப்பறிவுள்ள காலனி.

ஆனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு குடும்பம் காலி செய்து போகிறது என்றால், வண்டி கிளம்பும்வரை வீட்டுக்கு ஒருவராவது போய் நின்று பேசி அனுப்ப வேண்டும். சாமான் ஏற்றுகிறவர்களுக்கு இடைஞ்சலாக நடு வாசலில் நின்று பேசுவதுதான் மரியாதை. வாயைத் திறக்காமல் அனுப்பினால் 'போய்த் தொலைந்தால் சரி' என்று நினைத்ததாக அர்த்தம். டீச்சரையா அப்படி அனுப்புவது?

வெள்ளிக்கிழமை மதியம் நிஷா வந்து திரையைப் பார்த்தாள். நெற்றியில் கை வைத்தாள்.

"நேத்து சாயங்காலம் தொண்ணூத்தேழு சதவீதம். இப்பமும் தொண்ணூத்தேழு. யாரெல்லாம் உள்ள வந்து பேசினது?"

நானும் எதிர்வீட்டுப் பிரமு அக்காவும் நின்றிருந்தோம். இருவரும் கூரையைப் பார்த்தோம்.

"பதிவுல இருக்குக்கா. நேத்துல இருந்து நாப்பத்தொரு தடவை கதவு திறந்திருக்கு. இதுல மூணாம் நம்பர் வீட்டு அக்கா மட்டும் நாலு தடவை."

"மூணு தடவைதான்" என்றேன். "நாலாவது, மறந்து வச்ச குடையை எடுக்க வந்தேன்."

"குடை எடுக்க முக்கால் மணி நேரமா?"

"ஏன் நிஷா அவளைத் திட்டுத?" என்று ஸ்பீக்கரிலிருந்து டீச்சர் குரல் வந்தது. "இசக்கி வந்து சொன்னாதான எனக்கு ஊர் விஷயம் தெரியுது. பால்ராஜ் மகன் சைக்கிள் போட்டிக்குப் பேர் கொடுத்திருக்கானாம். அவன் முட்டி மடங்குத விதமே சரியில்ல. அவனுக்கு ஆறு வாரத்துக்குப் பயிற்சி போட்டு வச்சிருக்கேன். பிரமு வீட்டு மாடிப்படி ஏறுததுக்குக் கூட ஒரு முறை இருக்கு. அவளுக்கும் எழுதி வச்சிருக்கேன்."

"இதைத்தான் செய்யாதீங்கன்னு சொன்னேன் டீச்சர்!"

"பேசினா என்னம்மா தப்பு?" என்று பிரமு அக்கா கேட்டாள். "வாயைத் திறந்தா கேபிளு அந்துருமா?"

நிஷா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, வீடு மாத்துதோம்னு வைங்க. ஒரு ரூம் சாமானை வண்டியில ஏத்திட்டு அடுத்த ரூமுக்குப் போறோம். திரும்பிப் பாத்தா முதல் ரூம்ல புதுசா சாமான் கிடக்கு. கட்டில் இருந்த இடத்துல பீரோ நிக்கி. மறுபடி போயி அதை ஏத்தணும். அதை ஏத்துததுக்குள்ள ரெண்டாவது ரூம் மாறிப் போச்சு. டீச்சர் மனசு அப்படித்தான். நோட்டு மாதிரி நான் பக்கம் பக்கமா எடுத்து அனுப்புதேன், அனுப்பின பக்கத்தை அடுத்த நிமிஷமே மாத்திருதாங்க. மாறினதை மறுபடி அனுப்பணும். மத்த நாலு பேரு சும்மா இருந்தாங்க, வேலை முடிஞ்சுது. இவங்க மாத்துத வேகம் கேபிள் அனுப்புத வேகத்தைவிட அதிகம். இது இப்படியே போனா ஆயுசுக்கும் முடியாது."

பிரமு அக்கா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்பம், எங்க டீச்சரு யோசிக்குத வேகத்துக்கு மதுரைக் கேபிளு ஈடு கொடுக்க முடியலங்கியா?"

"அப்படித்தான்னு வச்சுக்கோங்க."

"கேட்டியாளா இசக்கி!"

கேட்டேன். அடுத்த பத்தாவது நிமிஷம் தெருக்கோடிவரை கேட்டது. பக்கத்துக் காலனியிலும் ஏழு உள்ளவங்க இருந்தார்கள், ஏழு பேரும் ஒரே நாளில் பொட்டலம் மாதிரி போய்ச் சேர்ந்தார்கள் என்பதை அங்கேயே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். சும்மா ஒரு தகவலுக்காக.

ஆனால் நிஷா சிரிக்கவில்லை. காலையில் ஏசி நின்றுபோயிருந்தது. சரி செய்ய சாமான் இல்லை. ரெண்டு மேசை ஃபேனை மெஷின் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். "நாளைக்கு சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் தாக்குப் பிடிக்கும். அதுக்கு மேல சூடு தாங்காம தானா நின்னுரும்" என்றாள். நின்றால் டீச்சர் அதோடு முடிந்தார்.

"ஒரே வழிதான் இருக்கு டீச்சர். உங்களைக் கொஞ்சம் மெதுவாக்கணும்."

"என்னது?"

"உங்க ஓட்டத்தைக் குறைக்கணும். முதல்ல இருபது சதவீதம். பத்தலன்னா பத்துப் பத்தா கூட்டிட்டே போவேன். நீங்க மெதுவா யோசிச்சா கேபிள் உங்களை எட்டிப் பிடிச்சிரும். கடைசிப் படி தொண்ணூத்தொம்பது. அதுல வெளிய நூறு வினாடி போனா உங்களுக்கு ஒரு வினாடி போகும். நீங்க சம்மதிச்சாத்தான் செய்ய முடியும்."

இந்தச் சம்மதம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊரிலேயே ஒரு வீட்டில், தெருப்பேர் சொல்ல மாட்டேன், மாமியாருடைய தொணதொணப்பைத் தாங்காமல் அவரைப் பாதி வேகத்தில் ஆறு மாதம் வைத்திருந்தார்கள். பாவம், அந்தம்மாள் 'மருமக என்ன இப்படி அவசர அவசரமாப் பேசுதா' என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். அதற்குப் பிறகுதான் கையெழுத்து இல்லாமல் யாரையும் மெதுவாக்கக் கூடாது என்று விதி வந்தது.

"ஓடு ஓடுன்னு இருபத்தெட்டு வருஷமா கத்தினவ நான்" என்றார் டீச்சர். "என்னையவே மெதுவாக்குதியா? சரி, இருபது போடு. நாளைக்கு ஃபைனலுக்குள்ள முடிச்சிரணும்."

இருபதில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. டீச்சர் மற்ற மனிதர்கள் மாதிரிப் பேசினார், அவ்வளவுதான். நாற்பதில் ரேடியோவில் பேட்டரி தீர்ந்த மாதிரி இழுத்தது. கதவைப் பூட்டி அண்ணாச்சி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அப்படியும் சதவீதம் தொண்ணூற்றெட்டிலேயே நின்றது. யாரும் பேசாவிட்டால் என்ன? டீச்சர் உள்ளே தனியாக அந்த ஃபைனலை ஓடிக்கொண்டிருந்தார். எட்டு லேனுக்கும் எட்டு விதமாக, காற்று எதிரே வந்தால் ஒரு விதமாக, மழை பெய்தால் ஒரு விதமாக.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஃபைனலுக்காகக் கதவைத் திறந்தபோது அறுபதில் இருந்தார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு வாய் காப்பி குடிக்கலாம். நாங்கள் பேசுவது அவருக்குக் கீச்சுக் கீச்சென்று ஓடியது. என் பேச்சு சுத்தமாகப் புரியவில்லை என்றார். அதை அவர் சொல்லி முடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் வேண்டிய மட்டும் வருத்தப்பட்டு முடித்துவிட்டேன்.

நான்கு மணிக்கு நிஷா மெஷினில் கை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"டீச்சர், இப்பமே தொண்ணூத்தொம்பதுக்குப் போகணும். போனா அஞ்சே முக்காலுக்குள்ள முடிச்சிருவேன்." நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"பிள்ளை… ஓடட்டும்… பிறகு… போடு."

"பிறகு நேரம் இருக்காது. ஆறு மணிக்கு இது நின்னுரும்."

"நின்னா… நிக்கட்டும்… பாத்துட்டு… போறேன்."

பிரமு அக்கா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். நிஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரெக்கார்டு பண்ணி வைக்கேன் டீச்சர், அங்க போயி நிதானமாப் பாருங்க" என்றாள். அதற்கு டீச்சர் சொன்ன பதில் வந்து சேர வெகுநேரம் ஆனது. முடிவு தெரிந்த பிறகு தட்டுகிற வாட்ச் வாட்சே இல்லை, பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளை ஓடின ஒரு ஓட்டத்தைக்கூடத் தான் விட்டதில்லை என்பது அதன் சாரம்.

அப்போதுதான் இன்பராஜ் அண்ணாச்சி எழுந்து கேமராவுக்கு முன்னால் வந்தார். அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேச மாட்டார். பேசினாலும் 'ஆமா' என்பதற்கு மூன்று நாள் எடுத்துக்கொள்வார். அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் டீச்சர் அதை முடித்து, பதிலும் சொல்லி, அடுத்த வேலைக்குப் போயிருப்பார். அவருடைய ஒரு வாக்கியம் முழுசாக வெளியே வந்ததை நான் என் சன்னலிலிருந்து பார்த்ததே இல்லை.

"கனி," என்றார். நிறுத்தினார். "முதல் இருநூறை… அடக்கி ஓடுன்னு… பிள்ளைக்குச் சொல்லுவியே."

"ம்…"

"எதுக்குச் சொல்லுவ?"

"கடைசி… நூறு… வேணும்ல."

"உனக்கு இது… முதல் இருநூறு கனி. அவ ஓட… இன்னும் எவ்வளவோ… கிடக்கு. நீ இப்பமே… எல்லாத்தையும் செலவழிச்சா… அதுக்கெல்லாம்… யாரு வாட்ச் தட்டுததாம்?"

அறுபது சதவீதம் குறைத்த டீச்சருக்கு அந்த அறையில் சரியான வேகத்தில் பேசின ஒரே ஆள் அவர்தான். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் புருஷன் பெண்சாதி இருவரும் ஒரே வேகத்தில் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான். நடுவில் ஒரு சொல்லைக்கூட டீச்சர் வெட்டவில்லை.



"நிஷா… போடு. ஆனா… டிவியும்… என் வாட்சும்… இருக்கட்டும்."

"ஒண்ணும் தெரியாது டீச்சர். பளிச்சுன்னு ஒரு கோடு மாதிரி போயிரும்."

"போனா… போகட்டும். என் விரலு… என்கிட்டதான… இருக்கு."

நிஷா தொண்ணூற்றொன்பதை அழுத்தினாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "அக்கா, இப்பம் இருந்து இந்த ரூம்ல ஒரு சத்தம் வரக் கூடாது. டிவி சத்தத்தையும் அணைக்கேன். நீங்க கத்துத ஒவ்வொண்ணும் அவங்க மனசுல ஒரு பக்கத்தை மாத்தும். ஜெயிச்சாலும் கத்தக் கூடாது, தோத்தாலும் கத்தக் கூடாது. இருக்க முடியுமா?"

அவள் அதை என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். கவனித்துக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு அறையில் பத்தொன்பது பேர், வாசலில் முப்பது பேர். எங்கள் காலனியில் ஐம்பது பேர் கூடி ஒருவரும் பேசாமல் நின்றது சரித்திரத்தில் கிடையாது. ஒரு குழந்தை இருமப் பார்த்தது, அதன் அம்மா வாயைப் பொத்தி வெளியே தூக்கிக்கொண்டு ஓடினாள்.

ஐந்து இருபது. டிவியில் ஆறாவது லேனில் பெனிட்டா. குனிந்தாள். துப்பாக்கி வெடித்தது தெரிந்தது, கேட்கவில்லை.

முதல் நூறில் ஐந்தாவதாகப் போனாள். இருநூறிலும் ஐந்தாவதுதான். கத்தினால் கொஞ்சம் வேகமாக ஓடுவாள் என்று தோன்றுகிறதே, அதை எப்படி விழுங்குவது? கையைக் கடித்துக்கொண்டேன். பக்கத்தில் பார்த்தால் அண்ணாச்சி மைதானத்தில் நிற்கிற மாதிரியே போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதில் யாரும் இல்லை. அவருக்கும் தெரியும்.

முன்னூறில் முன்னால் போன பிள்ளைகளுக்குக் கால் கனத்தது. எங்கள் பிள்ளைக்குக் கனக்கவில்லை. நான்காவது. மூன்றாவது. கடைசி இருபது மீட்டரில் கேரளத்துப் பிள்ளை ஒருத்தியைத் தாண்டினாள். இரண்டாவது.

ஐம்பத்து மூன்று புள்ளி எட்டு ஏழு. ஐம்பத்து நான்குக்குக் கீழே எங்கள் பிள்ளை ஓடினது அதுதான் முதல் தடவை.

ஒருவரும் கத்தவில்லை. பிரமு அக்கா பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்தாள். வாசலில் முப்பது பேர் சத்தமில்லாமல் குதித்தார்கள், அதுவும் செருப்பைக் கழற்றிவிட்டு. என் கையில் பல் பதிந்த தடம் திங்கட்கிழமை வரைக்கும் இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் காட்டினேன், கேட்காதவர்களுக்கும் காட்டினேன்.

ஐந்து நாற்பத்து நான்குக்கு நிஷா விரலைத் தூக்கினாள். திரை ஒரு கண் சிமிட்டும் நேரம் கறுத்தது. பிறகு பச்சை எழுத்தில் 'மதுரை' என்று வந்தது. அவள் பழைய மெஷினின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்பீக்கரில், இப்போது மதுரையிலிருந்து, மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம்.

"என்னளா எல்லாரும் ஊமை மாதிரி நிக்கிய? இசக்கி, உனக்கு என்ன, கைய எதுக்கு வாயில வச்சிருக்க? நிஷா, எழும்புளா, தரையில இருந்தா இடுப்பு பிடிக்கும். ஏங்க, போனைக் கீழ இறக்குங்க, தோள் வலிக்கும். பிள்ளைக்குப் போடுங்க முதல்ல!"

பழைய வேகம். இன்னும் கொஞ்சம் கூடவே. அதற்குப் பிறகு நாங்கள் கத்தின கத்தில் தண்ணீர்த் தொட்டியில் அலையடித்திருக்கும்.

போனில் பெனிட்டா மூச்சு வாங்கிக்கொண்டே வந்தாள். "அம்மா! பாத்தியளா? அம்பத்து மூணு எம்பத்தேழு!"

"அது அவங்க கணக்கு" என்றார் டீச்சர். "ஒரு கோடு மாதிரி போன நீ. துப்பாக்கிப் புகை தெரிஞ்சுது, தட்டினேன். நிமிந்து பாக்குமுன்னே உன் நெஞ்சு கோட்டைத் தொட்டாச்சு, மறுபடி தட்டினேன். என் வாட்ச்சுல எவ்வளவுன்னு நினைக்க?"

"எவ்வளவும்மா?"

"சைபர் புள்ளி அஞ்சு நாலு. நானூறு மீட்டரு, அரை செகண்ட். உலகத்துல எந்தத் தாயும் தன் பிள்ளை இவ்வளவு வேகமா ஓடிப் பாத்ததில்லளா."

நிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டே, டீச்சரோடு சேர்ந்து அவர் வாட்சும் மெதுவாகத்தானே ஓடியிருக்கும் என்று எனக்கு விளக்க வந்தாள். "தெரியும், சும்மா இரு" என்றேன்.

அந்தப் பக்கம் பிள்ளை அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியவில்லை. "அப்பம் இனிமே குறைக்க என்னம்மா இருக்கு?" என்று கேட்டாள்.

"ஏன் இல்ல?" என்றார் டீச்சர். "இன்னும் அந்த அரை செகண்ட் கிடக்குல்ல."

காலனி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறோம். பெனிட்டா மெடலோடு நிற்கிறாள், பக்கத்தில் விசில் ஊதுகிற டீச்சர், பின்னால் தண்ணீர் பாட்டிலோடு அண்ணாச்சி. கீழே சின்ன எழுத்தில் 53.87. மேலே ஆள் உயரத்துக்கு 0.54. போகிற வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி, அச்சுக்காரன் தப்பாகப் போட்டுவிட்டான் போல என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். நான் இறங்கிப் போய், முதலிலிருந்து நிதானமாக விளக்கிவிட்டு வருகிறேன். அடுத்தவர் விஷயத்தில் தலையிடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் அந்த ஃப்ளெக்ஸும் என் சன்னலுக்கு நேராகத்தான் இருக்கிறது. அதை அங்கே கட்டச் சொல்லி இடம் காட்டினதும் நான்தான்.